போர்டு இருந்தும் லாரி பாலத்தில் மாட்டுவது ஏன்?

காட்பாடியில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ரயில் பாலத்துக்கு அடியில் கூரை நசுங்கி நின்ற கன்டெய்னர் லாரி ஒன்றைப் பார்த்தாராம். பாலத்தின் நெற்றியிலேயே உயரம் எழுதிய போர்டு இருந்ததாம். "படிக்கத் தெரியாதா, தூக்கமா, தண்ணியா?" என்பது அவருடைய முதல் கேள்வி. அவருடைய மாமா இப்போதுதான் ஒரு டிரெய்லர் வாங்கியிருக்கிறார், ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ஓட்டப் போகிறார், அவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பது இரண்டாவது.

நான் 21 வருஷம் லாரி ஓட்டினேன். முழங்கால் போனபிறகு ராணிப்பேட்டை பக்கம் ஒரு புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். நானும் ஒரு பாலத்தில் மாட்டியவன்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி சொன்ன மூன்று காரணங்களும் எங்கேயாவது இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த, கேட்ட மாட்டல்களில் பெரும்பாலானவற்றுக்கு அவை காரணமில்லை. படிப்பு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு கனரக லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு கட்டாயமாக இருந்தது, 2019-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் எண் படிக்கத் தெரியாத டிரைவரை நான் பார்த்ததே இல்லை. வாடகை, பேட்டா, டீசல் என்று நாள் முழுக்க எண்ணோடுதான் மல்லுக்கட்டுகிறான். விஷயம் வேறு. தன் வண்டியின் உயரம் என்று டிரைவர் மனசில் ஒரு எண் இருக்கிறது, பாலத்தின் உயரம் என்று போர்டில் ஒரு எண் இருக்கிறது. இரண்டுமே ஒருநாள் அளந்து எழுதிய எண்கள். வண்டியும் ரோடும் அதற்குப் பிறகு மாறிவிட்டன.

என் கதையைச் சொன்னால் புரியும். மூடிய தகர பாடி வண்டி. துறைமுகத்திலிருந்து தோல் தொழிற்சாலைக்கு ரசாயன மூட்டை, 9 டன். வாணியம்பாடி போகிற வழியில் மெயின் ரோட்டில் ஏதோ வேலை நடந்ததால் உள்ளே ஒரு ஊர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அங்கே ரயில் பாதைக்கு அடியில் ஒரு பழைய பாலம். கிளீனர் இறங்கி முன்னால் நடந்தான். ஒரு கண் கூரையில், ஒரு கண் பாலத்தில், கையை மட்டும் ஆட்டிக்கொண்டே, "நாலு விரக்கட இருக்குதுண்ணே, வாண்ணே, வாண்ணே" என்று கூட்டிக்கொண்டு போனான். நாலு விரல்கடை என்றால் மூன்று அங்குலம். சுகமாகத் தாண்டினோம். ராத்திரி லோடு இறக்கினார்கள். விடியற்காலை காலி வண்டியோடு அதே வழியில் திரும்பினேன். நேற்று வந்த பாலம்தானே? கிளீனர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான், நான் எழுப்பவில்லை.

முதலில் ஆணியால் தட்டில் கீறினமாதிரி ஒரு கீச்சல். அடுத்தது தலைக்கு மேலே தகரத்தைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற சத்தம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. இறங்கிப் பார்த்தால் பாடியின் முன்விளிம்பு பழைய செருப்பின் அடி பிய்ந்தமாதிரி மடங்கிப் பின்னால் போயிருக்கிறது. பாலம் அப்படியே இருந்தது. ஏறியது என் வண்டிதான். 9 டன் இறங்கியதும் வண்டியைத் தாங்குகிற வில்பட்டைகள் விரிந்து வண்டி அந்த நாலு விரல்கடையையும் தாண்டி மேலே வந்துவிட்டது. லோடு ஏறினால் வண்டி தாழும், இறங்கினால் உயரும் என்பது எந்த டிரைவருக்கும் தெரியும். அந்தக் காலை நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். முதலாளி நாலு மாசம் பேட்டாவில் பிடித்தார். அது பற்றிப் பேசினால் தனிக்கதையாகிவிடும்.

இது வண்டி மாறிய கதை. பாலத்தின் பக்கமும் எண் மாறும். பாலம் ஒன்றும் இறங்கி வராது, ரோடு மேலே போகும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவது நம் ஊர்களில் சகஜம். இரண்டு தடவை போட்டால் சில அங்குலம் போய்விடும், போர்டில் எழுதிய உயரம் மட்டும் அப்படியே இருக்கும். மழைக்காலத்தில் பாலத்தடியில் வண்டல் படியும், தண்ணீர் தேங்கும், கீழே தரை எங்கே என்றே தெரியாது.

இன்னொன்று, நீள வண்டிக்கு மட்டும் வருகிற வினை. சுரங்கப்பாதை என்றால் ரோடு கீழே இறங்கி மறுபடி மேலே ஏறும், கிண்ணம் மாதிரி. ஒரு குச்சியைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வையுங்கள். இரண்டு முனையும் விளிம்பில் உட்காரும், நடுவில் குச்சிக்கும் கிண்ணத்தின் அடிக்கும் இடைவெளி இருக்கும். நாற்பதடி டிரெய்லர் அந்தக் குச்சி. குதிரையின், அதாவது முன்னால் இழுக்கிற இன்ஜின் வண்டியின், சக்கரம் அந்தப் பக்கம் ஏற ஆரம்பித்திருக்கும், பின்சக்கரம் இந்தப் பக்கம் இன்னும் இறங்கி முடித்திருக்காது. நடுவில் இருக்கிற பெட்டி பள்ளத்தில் இறங்காமல் அந்தரத்தில் தொங்குகிறமாதிரி போகும். வளைவு கொஞ்சம் கூர்மையாக இருந்தாலே மூன்று நான்கு அங்குலம் அதில் போய்விடும். அதனால்தான் சில சமயம் வண்டியின் தலை தாண்டி, நடு முதுகு மாட்டுகிறது. "முன்னாடி போயிடுச்சே சார், எப்படி மாட்டுச்சுனே தெரியல" என்று டிரைவர் சொன்னால் அது எப்போதும் பொய்யாக இருக்காது.

நம் வட ஆற்காட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில்தான். அடுத்த சில வருஷத்திலேயே பாதை குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று மேற்கே போய்விட்டது. அந்தக் காலத்தில் ரயில் பாதைக்கு அடியில் வழி விட்டவர்கள் மனசில் இருந்தது மாட்டுவண்டி. மிஞ்சிப்போனால் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி. அப்படிப்பட்ட பாதையில் எல்லாப் பாலமும் இன்றைய டிரெய்லருக்குத் தோதாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அதிலும் செங்கல், கருங்கல் வளைவுப் பாலம் என்றால் ஒரு விஷயத்தை மனசில் வைக்க வேண்டும். உயரம் நடுவில்தான், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். எதிரே ஒரு ஆட்டோ வருகிறது என்று இடதுபக்கம் ஒதுங்கினால் பெட்டியின் மூலை வளைவில் இடிக்கும். மேலே நேராக இரும்பு உத்திரம் போட்ட பாலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

நான்குவழிச் சாலையில் இந்தக் கவலை குறைவு. பெரிய வண்டி போகிற சுரங்கவழிக்கு ஐந்தரை மீட்டர் விட்டுத்தான் கட்டுகிறார்கள். ஆனால் அதே சாலையில் சின்ன வண்டிக்கும் ஆடுமாட்டுக்கும் என்று தாழ்வான வழிகளும் இருக்கும். சர்வீஸ் ரோட்டில் போகிறவன் அவசரத்தில் அதில் நுழைந்தால் தொலைந்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம். சரக்கு வண்டியின் உயரம் நெடுநாள் 3.8 மீட்டர்தான். 2020-ல் அதை 4 மீட்டர் ஆக்கினார்கள். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லருக்கு 4.2-லிருந்து 4.52 ஆயிற்று. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். "என் வண்டி சட்டப்படிதான் இருக்கு" என்பது ஆர்.டி.ஓ.விடம் சொல்ல உதவும். 4.2 எழுதிய பாலத்திடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சட்டம் அனுமதிக்கிற உயரத்தைவிடத் தாழ்வான பாலங்கள் நம் பக்கம் உண்டு. அனுமதித்த உயரத்தைத் தாண்டி லோடு ஏற்றினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், கூடுதல் சரக்கை இறக்குகிற கூலியும் நம் தலையில்தான். ஓட்டியவன் மட்டுமல்ல, ஓட்டவிட்டவரும் அதில் வருவார்.

அப்புறம் இந்த அடி, மீட்டர் கூத்து. பாடி கட்டுகிறவரும், லோடு ஏற்றுகிறவரும், டிரைவரும் பேசுவது அடிக்கணக்கு. போர்டு பேசுவது மீட்டர். 4.2 மீட்டர் என்றால் எவ்வளவு என்று பத்து டிரைவரைக் கேளுங்கள், ஏழெட்டுப் பேர் "பதினாலு அடி" என்பார்கள். உண்மையில் அது 13 அடி 9 அங்குலம் சொச்சம். அந்த இரண்டரை அங்குலம்தான் கூரையைப் பிய்க்கிறது. போர்டில் இரண்டு அளவையும் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

போர்டு வைக்கிற இடம் அதைவிட மோசம். பாலத்தின் மேலேயே எழுதி வைத்தால், டிரைவர் அதைப் படிக்கிறபோது அவனுக்கு வேறு வழி கிடையாது. நாற்பதடி டிரெய்லரை அந்தத் தெருவில் திருப்ப முடியாது. ரிவர்ஸ் எடுக்கலாம் என்றால் பின்னால் டவுன் பஸ், ஷேர் ஆட்டோ, ஸ்கூட்டியில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு அம்மா, எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள். அந்தச் சத்தத்தில் நின்று யோசிக்கத் தைரியம் வேண்டும். "போய்ப் பார்ப்போம், போயிடும்" என்று மெதுவாக நுழைகிறவன்தான் அதிகம். எச்சரிக்கை போர்டு இருக்க வேண்டிய இடம், வண்டி கடைசியாகத் திரும்பிக்கொள்ள முடிகிற கூட்ரோடு. அதற்கடுத்து, பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பாலத்தின் உயரத்துக்கு ஒரு இரும்புக் குறுக்குச்சட்டம். அது இடித்தால் கூரையில் ஒரு கோடு விழும், அதோடு போச்சு.

இத்தனை செய்தாலும் முழுக்க நிற்காது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு உதாரணம் இருக்கிறது. வட கரோலினாவில் டர்ஹாம் என்கிற ஊரில் ஒரு ரயில் பாலம், உயரம் 11 அடி 8 அங்குலம். வண்டியின் உயரத்தை எந்திரம் கண்டுபிடித்து, 'உயரம் அதிகம், திரும்பு' என்று விளக்கு எரிந்து, சிக்னலும் சிவப்பாகும்படி 2016-ல் ஏற்பாடு செய்தார்கள். அப்போதும் வண்டிகள் இடித்தன. 2019-ல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கி வைத்தார்கள். அதற்குப் பிறகும் இடித்தவர்கள் உண்டு. படித்தவர்கள் ஊர், மீட்டர் குழப்பமும் கிடையாது. ஆகவே தம்பி நம் டிரைவரை மட்டும் மட்டமாக நினைக்க வேண்டாம்.

என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் இது கூடியதற்குப் பெரிய காரணம் கிளீனர் இல்லாமல் போனது. அந்தக் காலத்தில் கிளீனர் என்பவன் டயருக்குக் கட்டை வைக்கிறவன் மட்டுமில்லை, வண்டியின் மேல்கண். கூரைமேல் ஏறிக் கிளையை ஒதுக்குவான், தொங்குகிற கரண்ட் வயர் எது, போன் வயர் எது என்று பார்த்துச் சொல்வான், ஊர் நுழைவில் கட்டியிருக்கிற சிமென்ட் வளைவுக்கு முன்னால் இறங்கி நடப்பான். இப்போது வாடகை கட்டுப்படியாகவில்லை என்று ஒற்றை டிரைவரோடு வண்டி அனுப்புகிறார்கள். கிளீனர் இடத்தில் டேஷ்போர்டில் ஒரு போன். அதில் வழி சொல்கிற அம்மாவுக்கு நாம் ஓட்டுவது ஆல்டோவா, நாற்பதடி டிரெய்லரா என்று தெரியாது. "இடதுபுறம் திரும்பவும்" என்பாள், அரியானா டிரைவர் திரும்பிவிடுவான், தெருமுனையில் பாலம் நிற்கும்.

வைக்கோல் லாரியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் போவது உயிர். ஆரணி, போளூர் பக்கம் அறுப்பு முடிந்ததும் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரும். கனமே இல்லாத சரக்கு, அதனால் ஏற்ற முடிந்தவரை ஏற்றுவார்கள், மேலே இரண்டு ஆள் படுத்துக்கொண்டும் வருவார்கள். காட்பாடி விழுப்புரம் ரயில் பாதை டீசல் இன்ஜின் ஓடியவரை லெவல் கிராசிங்கில் தலைக்குமேல் வானம்தான். இப்போது 25,000 வோல்ட் கம்பி. கேட்டுக்கு இரண்டு பக்கமும் குறுக்கே கட்டியிருக்கிற இரும்புச் சட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், அதன் உயரம் 4.67 மீட்டர், 15 அடி 4 அங்குலம். அதைத் தொடாமல் போகிற லோடுதான் உள்ளே போகலாம். சில பேர் வைக்கோல் அமுங்கும் என்று அதில் உரசிக்கொண்டே நுழைவார்கள். அமுங்கிய வைக்கோல் அந்தப் பக்கம் போனதும் நிமிரும், மேலே படுத்திருக்கிறவன் எழுந்து உட்காருவான். அந்தக் கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே இழுத்துவிடும். கேட் வருவதற்கு முன் ஆளை இறக்கி நடக்க வைப்பது ஐந்து நிமிஷ வேலை.

ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் அகலப்பாதையில் முழுக்க எடுத்துவிட்டார்கள். அதனால் உயிர்ச்சேதம் குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் பல இடங்களில் கேட்டுக்குப் பதிலாக வந்தது தாழ்வான சுரங்கப்பாதை. நேற்றுவரை லாரி போன வழியில் இன்று டிராக்டர்தான் போகும். பழைய ஞாபகத்தில் வருகிற டிரைவர் அங்கே வந்து முழிப்பான்.

மாட்டிவிட்டால் என்ன செய்வது? முதல் வேலை வண்டியை எடுப்பது அல்ல. மேலே ரயில் போகிற பாலம் என்றால் உடனே 139-க்கு அடித்து ரயில்வேக்குச் சொல்ல வேண்டும், பக்கத்தில் ஸ்டேஷனோ கேட்டோ இருந்தால் அங்கேயும் ஒரு ஆளை ஓடவிட வேண்டும். இரும்பு உத்திரப் பாலத்தில் வேகமாக இடித்தால் உத்திரம் கொஞ்சம் நகர்ந்திருக்கக்கூடும், மேலே தண்டவாளமும் அதோடு கோணும். கீழே நின்று பார்த்தால் தெரியாது. பாலத்தில் நம்பர் எழுதியிருக்கும், அதைச் சொன்னால் எந்த இடம் என்று அவர்களுக்குப் புரியும். தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033. பயந்துகொண்டு வண்டியை உருவிக்கொண்டு ஓடினால், அடுத்து வருகிற ரயிலில் இருப்பவர்கள் கதி?

அவர்கள் பார்த்து எடுக்கலாம் என்ற பிறகு, டயரில் காற்றை இறக்கி, வந்த வழியே ஆமை வேகத்தில் பின்னால் எடுப்பதுதான் முறை. முன்னால் அழுத்தி எடுத்தால் மிச்சக் கூரையும் போகும். என் வண்டியை எடுத்தது அந்த ஊர் பஞ்சர் கடைக்காரர். வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காத்த எறக்கு நைனா, முழுசா வாணாம், பாதி" என்றார். ஆறு டயரிலும் இறக்கினோம். அப்போதும் ஒரு இழை உரசியது. டீக்கடையில் நின்ற இருபது பேரைப் பாடிக்குள் ஏற்றினார், எடை கூடுமென்று. உள்ளே ஒரே சிரிப்பு. வண்டி உச் என்று தாழ்ந்தது, வந்துவிட்டது. இப்போது யோசித்தால் பிய்ந்த தகரத்துக்கு அடியில் ஆளை ஏற்றியது பைத்தியக்காரத்தனம். மணல் மூட்டை ஏற்றியிருக்கலாம்.

இனி மாமாவுக்கு. ஷூ, செருப்பு ஏற்றுமதிக்கு ஓட்டுகிறார் என்றால் அவருக்குக் கிடைப்பதில் உயரப்பெட்டி நிறைய இருக்கும். சாதாரணக் கன்டெய்னர் உயரம் 8 அடி 6 அங்குலம், ஹை கியூப் என்கிற உயரப்பெட்டி 9 அடி 6 அங்குலம். ஷூவுக்குக் கனம் இல்லை, இடம்தான் வேண்டும், அதனால் கம்பெனிக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். டிரெய்லர் தட்டு தரையிலிருந்து 5 அடி என்று வைத்தால் சாதாரணப் பெட்டிக்கு 13 அடி 6 அங்குலம், உயரப்பெட்டிக்கு 14 அடி 6 அங்குலம். நேற்று சாதாரணப் பெட்டியோடு போன பாலத்தில் இன்று உயரப்பெட்டி போகாது, தூரத்திலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மேல்மூலைகளில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை இருந்தால் அது உயரப்பெட்டி. லோடு இலேசு என்பதால் வில்பட்டையும் அவ்வளவாகத் தாழாது.

தட்டின் உயரத்தை அவர் தன் வண்டியிலேயே, காலியாக ஒருமுறை, லோடோடு ஒருமுறை டேப் வைத்து அளக்கட்டும். விற்றவர் சொன்ன கணக்கு வேண்டாம். நான்கு எண் வரும்: காலி சாதாரணப் பெட்டி, லோடு சாதாரணப் பெட்டி, காலி உயரப்பெட்டி, லோடு உயரப்பெட்டி. அடியிலும் மீட்டரிலும் எழுதிக் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவிட வேண்டும். துறைமுகத்திலிருந்து காலிப் பெட்டி எடுத்து வருகிறபோதுதான் அதிக உயரம், அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். பாலத்தில் எழுதியதற்கும் தன் எண்ணுக்கும் அரைச்சாண்கூட வித்தியாசம் இல்லையென்றால் நுழையவே வேண்டாம்.

ராணிப்பேட்டையிலிருந்து நான்குவழியில் ஏறிவிட்டால் சென்னைவரை பெரிய தொல்லை இல்லை. தொல்லை முதல் மூன்று கிலோமீட்டரிலும் கடைசி மூன்று கிலோமீட்டரிலும்தான். புதுக் கம்பெனியில் லோடு என்றால் செக்யூரிட்டியிடம் போனில், "நாப்பதடி ஹை கியூப் எந்த வழியா வருது?" என்று கேட்கச் சொல்லுங்கள். "லாரி வருமா?" என்று கேட்டால் வரும் என்றுதான் சொல்வார்கள், அவர்கள் நினைப்பது ஆறு சக்கரத்தை. கூடவே ஒரு பி.வி.சி. பைப், உயரப்பெட்டியின் காலி உயரத்துக்கு மேல் அரைச்சாண் விட்டு வெட்டி, டிரெய்லரின் பக்கச்சட்டத்தில் கட்டி வைத்துக்கொள்ளட்டும். சந்தேகமான பாலத்தில் இறங்கி, அதை நட்டமாகப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம்வரை நடந்து பார்க்க வேண்டும், பள்ளத்தின் நடுவிலும் வளைவின் ஓரத்திலும் கட்டாயம். பின்னால் ஹாரன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும்.